எழுத்தாளரின் காகிதங்கள்: இலக்கிய ஆவணக் காப்பகம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 28ஆம் தேதி அவர் காலமானார். சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. அது நின்ற இடம், மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த 1898ஐ ஒட்டிய காலம். அதன்பிறகு அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது, ஓய்வுபெற்றது, அதற்குப் பின்னும் விடாமல் பதிப்பித்துக்கொண்டிருந்தது எதுவும் அந்தச் சரித்திரத்தில் இல்லை.

ஆனாலும் அந்த ஆண்டுகள் இருட்டாகிவிடவில்லை. மாணவர்கள் எழுதிவைத்தது ஒரு காரணம். ஐயர் காகிதத்தைத் தூக்கிப்போடாதவர் என்பது இன்னொரு காரணம். தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார், குறிப்பேடுகளை வைத்திருந்தார். அவர் மறைந்த அடுத்த ஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் தொடங்கப்பட்டது. இன்று சென்னை பெசன்ட் நகரில் இருப்பது அதுதான். ஏட்டுச் சுவடிகளோடு ஆயிரக்கணக்கான கடிதங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. சுவடிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கடிதங்களைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

ஓர் எழுத்தாளர் அச்சுக்குக் கொடுத்தது நூலகத்தில் புத்தகமாக இருக்கும். கொடுப்பதற்கு முன்னால் எழுதியதும், கொடுக்காமலே வைத்துக்கொண்டதும் எங்கே போகும்? அடித்துத் திருத்திய வரைவுகள், நாட்குறிப்புகள், வந்த கடிதங்கள், எழுதிவிட்டு அனுப்பாமல் விட்ட கடிதங்கள், பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம், ராயல்டிக் கணக்கு, அச்சுப்பிழை திருத்தப் பார்க்கிற மெய்ப்புத் தாள்கள், ஓரத்தில் பென்சிலால் சண்டை போட்டிருக்கும் சொந்தப் புத்தகங்கள், வீட்டுப் படங்கள், மேடைப் படங்கள். இவற்றைச் சேர்த்து, கெடாமல் பார்த்துக்கொண்டு, பட்டியல் போட்டு, படிக்க வருகிறவர் கையில் எடுத்துக்கொடுக்கிற இடம்தான் இலக்கிய ஆவணக் காப்பகம்.

நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் பெரும்பாலும் இன்னொரு பிரதி தேடிப் பிடித்துவிடலாம். காப்பகத்தில் இருப்பது அநேகமாக உலகத்திலேயே ஒன்றுதான். அருங்காட்சியகமும் நினைவு இல்லமும் எழுத்தாளரின் பேனாவையும் மூக்குக் கண்ணாடியையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டும். காப்பகம் அப்படிக் காட்டுவதற்காக இருப்பதில்லை. அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். நம் ஊரில் நினைவு இல்லங்கள் பெருகியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் ஓர் எழுத்தாளரின் எல்லாக் காகிதங்களையும் ஒரே இடத்தில் வைத்து, பட்டியலோடு படிக்கத் தருகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன.

வரிசையைக் கலைக்காதே

காகிதத்தைக் காப்பாற்றுவது என்றால் பூச்சி, ஈரம், நெருப்பு ஆகியவற்றிலிருந்து காப்பாற்றுவது என்றுதான் முதலில் தோன்றும். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் அதற்கும் முன்னால் இரண்டு விதிகளைச் சொல்வார்கள். ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதைக் கலைக்கக் கூடாது. முதல் விதிக்கு ஓர் எழுத்து வடிவம் 1841இல் பிரான்சில் கிடைத்தது. ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்காதீர்கள், எங்கிருந்து வந்தனவோ அந்தத் தொகுதியாகவே வையுங்கள் என்று அந்நாட்டு அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரசு அலுவலகக் கோப்புகளுக்காகச் சொன்னது எழுத்தாளரின் அலமாரிக்கும் அப்படியே பொருந்துகிறது.

எப்படி என்று பார்ப்போம். ஒரு பழைய கோப்புறைக்குள் ஒரு சிறுகதையின் இரண்டாவது வரைவு இருக்கிறது, அதில் தேதி இல்லை. அதோடு ஒரு பத்திரிகை ஆசிரியரின் கடிதமும், ஒரு மின்கட்டண ரசீதும், அதே கதையின் மூன்றாவது வரைவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரசீதில் தேதி இருக்கும். கதை ஏறக்குறைய எப்போது எழுதப்பட்டது என்று அதிலிருந்து ஊகிக்கலாம். ஆசிரியர் கடிதத்தில் 'முடிவு நீளமாக இருக்கிறது' என்று இருந்தால், மூன்றாவது வரைவில் முடிவு ஏன் பாதியாகக் குறைந்தது என்பது புரிந்துவிடும். இப்போது நல்லெண்ணம் கொண்ட ஒருவர் வந்து கடிதங்களை ஒரு கட்டாகவும், கதைகளை ஒரு கட்டாகவும் பிரித்து, ரசீதைக் குப்பையில் போட்டுவிடுகிறார். எல்லாம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஒரு தாளும் கிழியவில்லை. ஆனால் அந்தத் தாள்களுக்கு நடுவே இருந்த தொடர்பு போய்விட்டது. அதை இனி யாராலும் மீட்க முடியாது.

என்னைக் கேட்டால், காப்பகம் காப்பாற்றுகிற பொருள்களில் முதலாவது இந்தத் தொடர்புதான். எந்தத் தாள் எதன் பக்கத்தில் இருந்தது, எந்தக் கடிதத்துக்கு எது பதில், எந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் தாளை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

தொகுதியைச் சிதறவிடாததற்கு நம்மிடமே ஒரு நல்ல உதாரணம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம், இதழ் மட்டுமல்லாமல் துண்டு நோட்டீசு, நாடக விளம்பரம், திருமண அழைப்பிதழ், கடிதம் என்று பிறர் வீசியெறிவதையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கடலுக்கு அப்பால் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைப்பது என்று முடிவாயிற்று. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. அந்தச் சேகரிப்பு உடைந்து நான்கு பேரிடம் விலைபோயிருந்தால் தமிழ் அச்சு வரலாற்று ஆய்வு இன்றைக்கு வேறு மாதிரி, மிகவும் ஏழ்மையாக இருந்திருக்கும்.

அடித்த வரிகளின் மதிப்பு

புத்தகம்தான் இருக்கிறதே, அடித்துக் கிறுக்கிய தாள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அச்சான புத்தகம் எழுத்தாளர் எதைத் தேர்ந்தார் என்று சொல்லும். எதையெல்லாம் எழுதிப் பார்த்து வேண்டாம் என்றார் என்பதை வரைவுதான் சொல்லும். எழுதப் பழகுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பதிப்பாசிரியருக்கோ அது ஆதாரம். அச்சுப்பிழை எது, ஆசிரியரே மாற்றியது எது, பிற்பதிப்பில் யாரோ சேர்த்தது எது என்று பிரித்தறிய மூலம் வேண்டும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா.வேங்கடாசலபதி 2000இல் செம்பதிப்பு கொண்டுவந்தபோது, கதைகள் முதலில் வந்த இதழ்களைத் தேடி எடுத்து நூல் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கதைகளின் சரியான வாசகத்தை நிறுவ வேண்டியிருந்தது. இதழ்களே கிடைப்பது அரிதாக இருக்கிற மொழியில் கைப்பிரதிகள் எவ்வளவு பெரிய செல்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

வரைவுகள் என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 2014 ஏப்ரலில் மறைந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய காகிதங்களை அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் வாங்கியது. விலை 22 லட்சம் டாலர். 10 நூல்களின் கைப்பிரதிகளும் தட்டச்சுப் பிரதிகளும், 2,000க்கும் மேற்பட்ட கடிதங்களும், 1982 நோபல் பரிசு உரையின் வரைவுகளும், 40க்கும் மேற்பட்ட புகைப்பட ஆல்பங்களும் அதில் இருந்தன. அவர் பயன்படுத்திய ஸ்மித் கொரோனா தட்டச்சு இயந்திரங்களும் கணினிகளும்கூடச் சேர்ந்து வந்தன. 2015இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2017இல் 27,000க்கும் மேற்பட்ட பக்கங்களைப் படமெடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வலையேற்றினார்கள்.

இந்தத் தொகுதியில் ஒரு குறுநாவலின் பல வரைவுகளும் இருந்தன. நினைவாற்றல் தேய்ந்துகொண்டிருந்த கடைசி ஆண்டுகளில் அவர் எழுதித் திருத்தி, மறுபடியும் திருத்தியது அது. இது சரியாக வரவில்லை, அழித்துவிட வேண்டும் என்றே மகன்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் அழிக்கவில்லை. காப்பகத்தில் ஆய்வாளர்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மகன்களின் சம்மதத்தோடு 2024 மார்ச்சில், அவருடைய 97ஆவது பிறந்தநாளில், அது புத்தகமாக வந்தது. மகன்கள் செய்தது சரியா தவறா என்று உலகமெங்கும் வாதம் நடந்தது. தந்தையின் சொல்லை மீறியிருக்கக் கூடாது என்பவர்கள் பக்கம் எனக்கும் சாய்வு உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரைவுகள் காப்பகத்தில் இருப்பதால்தான் பதிப்பாசிரியர் எதைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வரைவுகள் இல்லாமல் புத்தகம் மட்டும் வந்திருந்தால் நம்பிக்கையைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

அதே மார்க்கேஸ், தமக்குப் பெரும்புகழ் தந்த நாவலின் முதல் அச்சுப் பிரதி 1967இல் கைக்கு வந்ததும், திருத்தங்கள் நிறைந்த மூலத்தாள்களை மனைவியோடு சேர்ந்து கிழித்துப் போட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தம் கைத்தொழிலின் இரகசியம் வெளியே தெரியக் கூடாது என்ற எண்ணம். அப்படி எண்ண அவருக்கு உரிமை உண்டு. படிக்கிற நமக்கு அது ஆற்றமுடியாத இழப்பு என்பதும் உண்மை.

கடிதம் இரண்டு வீடுகளில் இருக்கும்

கடிதத் தொகுதியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓர் எழுத்தாளர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். அவர் வீட்டில் இருப்பது அவருக்கு வந்தவை. உ.வே.சா. நூல்நிலையத்தில் இருப்பவை பெரும்பாலும் ஐயருக்குப் பிறர் எழுதியவை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம் பிள்ளை எழுதியது, பாரிசிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதியது, மடங்களிலிருந்தும் ஜமீன்களிலிருந்தும் சிற்றூர்ப் புலவர்களிடமிருந்தும் வந்தவை எனப் பலவகை. இவர்களுக்கு ஐயர் எழுதிய பதில்கள் அந்தந்த வீடுகளுக்குப் போயின. எத்தனை வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றனவோ, எத்தனை பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ.

அதனால் கடிதம் சேகரிப்பது என்றால் எழுத்தாளர் வீட்டோடு நிறுத்த முடியாது. நண்பர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வாசகர்கள் வீடுகளையும் தட்ட வேண்டும். நம் எழுத்தாளர்கள் கடிதத்தில் தாராளமானவர்கள். ஓர் அஞ்சலட்டையில் முக்கால் கட்டுரையை அடக்கி, இடம் போதாமல் முகவரிப் பக்கத்து ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடிப்பார்கள். அந்த ஓர எழுத்தையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். உறையையும் தபால்தலையையும் தூக்கிப் போடக் கூடாது. முத்திரைதான் பல கடிதங்களுக்குத் தேதிச் சான்று. பழைய கடிதங்களில் 'சுபகிருது வருஷம் ஐப்பசி மாதம்' என்றுதான் தேதி இருக்கும். சுபகிருது 1902இலும் வந்தது, 1962இலும் வந்தது. அறுபது ஆண்டு வித்தியாசம்! தபால்தலை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்ததா, சுதந்திர இந்தியாவினதா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெளிந்துவிடும்.

கடிதத்தில் இன்னொருவர் வாழ்க்கையும் இருக்கிறது என்பதால் அதைத் திறப்பதில் நிதானம் வேண்டும். ஆங்கிலக் கவிஞர் டி.எஸ்.எலியட் தம் தோழி எமிலி ஹேலுக்கு எழுதிய 1,131 கடிதங்களை அந்த அம்மையார் 1956இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். இருவரில் கடைசியாக இறப்பவர் இறந்து 50 ஆண்டுகள் கழிந்த பிறகே திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. எலியட் 1965இலும் ஹேல் 1969இலும் இறந்தார்கள். பெட்டிகள் 2020 ஜனவரி 2ஆம் தேதி வாசகர்களுக்குத் திறந்தன. ஹேல் எலியட்டுக்கு எழுதியவை? அவற்றை எலியட் எரிக்கச் செய்துவிட்டார். ஆகவே உலகத்திடம் இருப்பது உரையாடலின் ஒரு பக்கம் மட்டும். ஒரு பெண்ணின் குரல் அப்படி இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இப்படிக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடிவைக்கும் ஏற்பாடு காப்பகங்களில் சாதாரணம். குடும்பத்தார் தயங்கினால், எரிப்பதற்குப் பதில் 'இந்தக் கட்டை மட்டும் 30 வருஷம் திறக்க வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்துவிடலாம். இது தெரியாமலே பல வீடுகளில் கடிதங்கள் அடுப்புக்குப் போகின்றன.

படத்தில் யார்?

பாரதியின் அசல் புகைப்படங்கள் ஒரு கைவிரல்களில் அடங்கிவிடும். புதுச்சேரியில் செல்லம்மாவோடு எடுத்தது, 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்தது என்று மொத்தமே சிலதான். பள்ளிக்கூடச் சுவரிலும் காலண்டரிலும் நாம் பார்க்கிற முண்டாசு பாரதி பெரும்பாலும் ஓவியர்கள் வரைந்தது. அந்தச் சில படங்களை வைத்துத்தான் அவர் உடை, உடல்நிலை, உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு படத்தையும் எங்கே, எப்போது, யார் சொல்லி எடுத்தார்கள் என்ற விவரம் படத்துக்கு இணையாக முக்கியம்.

எழுத்தாளர் வீட்டு ஆல்பத்தில் அவர் முகம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர் யார் என்பது வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்வரைதான் தெரியும். ஆகவே படங்களில் செய்ய வேண்டிய அவசர வேலை, பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதுதான். இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி. படத்தின் பின்புறம் ஓரமாக மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா கூடாது, அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும்.

பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஆல்பங்கள் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. படங்களுக்கு அவை பெரிய கெடுதல். பசை மஞ்சளாகிப் படத்தோடு பிணைந்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாகக் கழுவி எடுக்கப்பட்டிருந்தால் நூறாண்டு தாங்கும். 1970, 80களின் வண்ணப் படங்கள்தான் வேகமாக வெளுக்கின்றன. ஸ்கேன் செய்வதில் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. நெகட்டிவ் இருந்தால் படத்தைவிடப் பத்திரமாக வையுங்கள்.

காகிதத்துக்கு என்ன ஆகிறது?

மலிவான மரக்கூழ்க் காகிதத்துக்குள்ளேயே அமிலம் உருவாகிறது. செய்தித்தாளும் பழைய பாக்கெட் நாவலும் பழுப்பேறி நொறுங்குவது அதனால்தான். அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். பத்திரிகை நறுக்கை நல்ல கடிதத்தின் மேல் வைத்துப் பல வருஷம் கழித்துப் பார்த்தால் நறுக்கின் வடிவத்திலேயே கடிதத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். இதற்காகத்தான் காப்பகங்கள் அமிலம் நீக்கிய உறைகளும் பெட்டிகளும் வாங்குகின்றன. பழைய இரும்பு மைக்கு வேறு குணம். எழுதிய கோட்டின் வழியே அது தாளையே அரித்துவிடும்.

நம் கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் பெரிய எதிரி. காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தலைகாட்டத் தொடங்கும். அதைவிட மோசம், பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது. தாள் விரிந்தும் சுருங்கியும் சோர்ந்துபோகும். நாளெல்லாம் ஒரே சீராக இருக்கிற, காற்றோட்டமுள்ள, வெயில் படாத அறை அதைவிட மேல். தரைத்தளமும் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணும் வேண்டாம். தரையில் வெள்ளம், பரணில் வெக்கை. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் எத்தனையோ வீட்டு அலமாரிகளின் கீழ்த்தட்டுகளை நனைத்தது நினைவிருக்கும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் முள், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் பொறுமையாக நீக்க வேண்டும். துரு தாளைத் தின்னும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவது அக்கறையில் செய்யும் கெடுதல். டேப் உதிர்ந்துபோகும், பசை மட்டும் பழுப்பாகத் தங்கும். லேமினேட் செய்வது அதைவிடக் கொடுமை. பிறகு எந்த நிபுணராலும் தாளை வெளியே எடுக்க முடியாத நிலை வந்துவிடும். எந்தச் சிகிச்சையையும் பின்னால் பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது இந்தத் துறையின் ஆதாரக் கொள்கை. படிப்பகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும் என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

கணினியில் எழுதியவர்கள்

1990களுக்குப் பிறகு எழுதியவர்களின் வரைவு பெட்டியில் இல்லை, பிளாப்பியிலும் சிடியிலும் பழைய கணினியிலும் இருக்கிறது. சல்மான் ருஷ்டியின் காகிதங்களை 2006இல் வாங்கிய அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்கு அவருடைய பழைய ஆப்பிள் கணினிகளும் வந்தன. 2010இல் திறந்தபோது, அவற்றில் ஒரு கணினியின் திரையையே புதிய கணினிக்குள் போலச்செய்து, அவர் பார்த்தபடியே கோப்புகளை ஆய்வாளர்கள் பார்க்க வழிசெய்தார்கள்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் போதுமான கவலை இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். வாரிசுகள் 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று அழித்துவிடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை! எழுத்துருவின் பெயர் தெரிந்தால் சில நிமிடங்களில் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஆகவே பழைய கோப்பை அப்படியே ஒரு பிரதி வையுங்கள், எழுத்துருக் கோப்பையும் அதோடு வையுங்கள், யூனிகோடில் மாற்றியதை மூன்றாவதாக வையுங்கள். பிளாப்பி வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். அதன் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிறது, படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது.

பிரதி எடுத்து வேறு வேறு ஊர்களில் வைப்பது எவ்வளவு முக்கியம் என்று யாழ்ப்பாணத்தாரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவருவதற்குப் பின்னால் அந்த நெருப்பின் நினைவு இருக்கிறது. அதேசமயம், ஸ்கேன் செய்தாயிற்று, மூலத்தைக் கழித்துவிடலாம் என்று ஒருபோதும் எண்ணக் கூடாது. மையின் நிறமாற்றம், தாளின் நீரடையாளம், பென்சிலால் எழுதி அழித்த தடம் ஆகியவை ஸ்கேனில் பல சமயம் தெரியாது.

யாருடையது, யார் வெளியிடலாம்?

ஒரு கடிதம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றால் அந்தத் தாள் உங்களுடையது. அதில் உள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துக்குப் பொதுவாக அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். அவர் மறைந்த பிறகே முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். எனவே உங்களிடம் இருக்கிற கடிதத்தை நீங்கள் காப்பகத்துக்குத் தரலாம், விற்கலாம். புத்தகமாகப் போட வேண்டுமென்றால் எழுதியவரின் வாரிசைக் கேட்க வேண்டும். காப்பகத்துக்கும் இதே நிலைதான். படிக்கக் கொடுக்கும், வெளியிட அனுமதி வாங்கி வா என்று சொல்லும். பலர் இதைக் காப்பகத்தின் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள், சட்டம் அப்படி.

ஒப்படைக்கும் வீட்டாருக்கு

எழுத்தாளர் மறைந்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்தான காலம். வீடு காலிசெய்ய வேண்டியிருக்கும், துக்கம் இருக்கும், அறையைப் பார்க்கவே மனம் வராது. அந்த நேரத்தில் ஒன்றும் பிரிக்க வேண்டாம், ஒன்றும் எறிய வேண்டாம். அலமாரியும் மேசையும் இருந்த கோலத்தை செல்போனில் படமெடுங்கள். தட்டுத் தட்டாக, வரிசை மாறாமல் அட்டைப் பெட்டியில் போட்டு எண் எழுதுங்கள். 'பெட்டி 3, மேசையின் இடப்பக்க இழுப்பறை' என்று ஒரு நோட்டில் குறியுங்கள். இது போதும். பின்னால் பட்டியல் போடப்போகிறவருக்கு இந்த நோட்டு பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் புகை படங்களுக்கும் நல்லதல்ல, தாளைக் கையாளுகிறவர் மூச்சுக்கும் நல்லதல்ல.

அப்புறம், எந்த நிறுவனத்திடம் கொடுத்தாலும் வாய்ப்பேச்சாகக் கொடுக்காதீர்கள். நன்கொடையா, விலையா, பாதுகாப்புக்கு மட்டுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எது, எத்தனை பெட்டி என்ற பட்டியலில் இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். பட்டியல் போட்டு முடிக்க எவ்வளவு காலம் ஆகும், குடும்பத்துக்கு ஸ்கேன் பிரதி கிடைக்குமா, தேவையில்லை என்று அவர்கள் கருதுவதை உங்களிடம் திருப்பித் தருவார்களா, எதை எந்த ஆண்டுவரை மூடிவைக்க வேண்டும் என்றெல்லாம் கேளுங்கள். கேட்கத் தயங்குகிற கேள்வி ஒன்று உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்: இந்த நிறுவனம் ஒருநாள் மூடப்பட்டால் பெட்டிகள் எங்கே போகும்? நல்ல காப்பகம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுக்கும்.